கையால் செய்த காகிதம் என்று நம்பி 4,150 ரூபாயை இழந்தேன்

புத்தாண்டுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. நான் ஏமாந்த அதே இணையக் கடையில் இந்த நேரம் இன்னொருவர் பணம் கட்டிக்கொண்டிருப்பார் என்ற பதைப்பில் எழுதுகிறேன். போனது 4,150 ரூபாய். பெரிய தொகை இல்லையே என்று யாரும் தேற்ற வேண்டாம். மூன்று மாதமாக வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த பணம் அது.

மளிகைக் கடையும் நகைக் கடையும் கொடுக்கிற சிவகாசித் தினசரிக் காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதனால் மேசைமேல் வைக்கிற மாதிரி, அந்தந்த வீட்டின் பிறந்தநாளும் மணநாளும் என் கையால் குறித்த 2026 காலண்டர் ஒன்றை 60 பேருக்குச் செய்து கொடுக்க நினைத்தேன். பன்னிரண்டு மாதமும் முகப்பும் சேர்த்து ஒரு காலண்டருக்கு 13 துண்டு, ஒவ்வொன்றும் 4-க்கு 6 அங்குலம். 22-க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றில் 25 துண்டு விழும். 32 தாள் போதும். வெட்டில் வீணாவதற்கும் எழுத்துப் பிழைக்கும் சேர்த்து 40 கேட்டேன். தாள் 95 ரூபாய், கூரியருக்கு 350. தாங்கிக்கு வேண்டிய அட்டையும் காலிகோ துணியும் எங்கள் ஊர் பைண்டிங் கடையிலேயே வாங்கிவிட்டேன். ஒரு காலண்டர் 90 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. புதுச்சேரியில் கையால் காகிதம் செய்வதை நேரில் பார்த்தவள். பனியன் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, தொட்டியில் கலக்கி, சல்லடைச் சட்டத்தால் ஒவ்வொரு தாளாக அள்ளி, அழுத்தி நீரை எடுத்து உலர்த்துவார்கள். அதனால் முதலில் மாதிரி அனுப்பச் சொன்னேன். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று, காசு வாங்காமல், தபாலில் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பஞ்சு இழை தெரிந்தது. மைப்பேனாவால் எழுதினேன், மை பரவவில்லை. தொலைபேசியில் ஒரு பெண், “அக்கா, எங்கள் பட்டறையிலேயே செய்வது, 200 ஜிஎஸ்எம், நீங்கள் தயங்கவே வேண்டாம்” என்றார். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அந்த ‘அக்கா’வில்தான் நான் விழுந்தேன். பாதிப் பணம் இப்போது, மீதி பொருள் வந்ததும் என்று கேட்கத் தொடங்கியவள், கேட்காமலே டிசம்பர் 6 அன்று முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

பொதி 15-ஆம் தேதி வந்தது. அவசரத்தில் மூன்று தாளை வெட்டி, என் தங்கை வீட்டுக்கான ஜனவரியை எழுதத் தொடங்கினேன். பொங்கல் 15 என்று எழுதியதுமே மை கசிந்து பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடியது. அப்போதுதான் தாளைக் கிழித்துப் பார்த்தேன். ஒரு வாக்கில் கிழித்தால் அளவுகோல் வைத்தது போல் நேராகப் போனது, குறுக்குவாக்கில் கோணலாகப் போனது. ஆலையில் ஓடிவந்த காகிதத்தில்தான் இழைகள் அப்படி ஒரே திசையில் படிந்திருக்கும். ஓரப் பிசிறு நாற்பது தாளிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தது. யாரோ அதைப் பிறகு கிழித்து உண்டாக்கியிருக்கிறார்கள்.

வெட்டிய துண்டுகளையும் விடாமல் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். அந்த அளவில் 200 ஜிஎஸ்எம் தாள் ஒன்று சுமார் 85 கிராம் இருக்க வேண்டும். நாற்பதும் சேர்ந்தால் 3 கிலோ 400 கிராம். என் தராசு காட்டியது 2 கிலோ 100. அதாவது 120 ஜிஎஸ்எம்மைச் சற்றுத் தாண்டிய ஆலைக் காகிதம். கூரியர் ஒட்டுச்சீட்டிலும் 2.3 கிலோ என்றுதான் இருந்தது. பிரிப்பதற்கு முன் அதைப் படித்திருக்கலாமே என்று இன்னும் மனம் ஆறவில்லை.

பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், “கைவேலை என்றால் தாளுக்குத் தாள் மாறத்தான் செய்யும்.” என் புகாரே எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதுதான்! எடைக் குறைவைச் சொன்னதும், “மழைக்காலம் அக்கா, காகிதம் ஈரம் இழுத்திருக்கும்.” ஈரம் இழுத்தால் எடை கூடுமா, குறையுமா? மறுநாள், “பொதியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா?” எடுக்கவில்லை. “வெட்டிய தாளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” சரி, வெட்டாத 37 தாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “முதலாளி மாலை போட்டுச் சபரிமலை போயிருக்கிறார், வந்ததும் பேசுவார்.” தராசுப் படத்தை அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேற்று முதல் என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. தங்கையின் எண்ணிலிருந்து அழைத்தால் அதே பெண், அதே குழைவோடு, “சொல்லுங்க அக்கா, எத்தனை தாள் வேண்டும்?” என்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

என்னைப் போல் பத்துப் பேரிடம் 4,150 ரூபாய் வாங்கினாலே 41,500. கையால் காகிதம் செய்கிறவர்கள் ஒரு தாளுக்கு எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயரைச் சொல்லி இப்படி விற்கிறார்களே என்பதுதான் பணம் போனதைவிட அதிகமாகச் சுடுகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் கடை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பணம் திரும்பினாலும் இந்தப் புத்தாண்டுக்கு உதவாது.

விவரமாகச் சொல்ல நினைத்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். மாதிரித் துண்டை நம்பி முழுப் பணம் அனுப்பாதீர்கள். முதலில் இரண்டு முழுத்தாளை விலைக்கே வாங்குங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். எத்தனை கிலோ வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூரியர் ஒட்டுச்சீட்டில் உள்ள எடையைப் பாருங்கள், வீடியோ ஓடும்போதே பொதியைப் பிரியுங்கள், எடைபோடும் வரை கத்தரியைத் தொடாதீர்கள்.

பைண்டிங் கடைக்காரர் சாதாரணச் சார்ட் அட்டையை வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுபதையும் முடிக்க நாள் இல்லை. வயதானவர்கள் இருக்கும் இருபது வீட்டுக்கு மட்டும் இன்று இரவு எழுத உட்காருகிறேன்.