"எப்பவும் இலவசம்"னு சொன்ன ஆப்ல பாட்டி குரலை வச்சிருந்தேன்

பேர் சொல்லல, வக்கீல் நோட்டீஸ் வந்தா சமாளிக்க எனக்கு தெம்பு இல்ல. வீட்டுப் பெரியவங்க பேசுறத ரெக்கார்ட் பண்ணி சேத்து வைக்கிற ஒரு ஆப்னு மட்டும் சொல்றேன், யூஸ் பண்றவங்களுக்கு எதுன்னு புரிஞ்சிடும். மூணு வருஷம் முன்னாடி சேந்தேன். முதல் பக்கத்துலயே ஃபவுண்டருங்க அவங்க தாத்தா கதைய எழுதி "நினைவுகளை வியாபாரம் பண்ண மாட்டோம், எப்பவும் இலவசம்"னு போட்டிருந்தாங்க, படிச்சு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஒத்துக்கிறேன். சர்வர் செலவுக்கு காசு யாரு குடுக்கறாங்கன்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல.

பாட்டி போறதுக்குள்ள 41 ரெக்கார்டிங் பண்ணி வச்சேன். எதப் போட்டாலும் முதல்ல "ஏப்பா இது ஓடுதா, பேசலாமா"ன்னு கேப்பாங்க, அப்புறம் ஒரு தடவ தொண்டைய செருமிப்பாங்க, அப்புறம்தான் கதையே. எனக்கு அந்தக் கதைய விட அந்த செருமல்தான் வேணும்.

ரெண்டு மாசம் முன்னாடி "எங்கள் பயணத்தின் அடுத்த கட்டம்"னு ஒரு மெயில் (இப்படி தலைப்பு வச்சு மெயில் வந்தாலே பர்ஸ கெட்டியா புடிச்சுக்கோங்க). விஷயம் என்னன்னா இனிமே ஃப்ரீ அக்கவுண்ட்ல ஒவ்வொரு ரெக்கார்டிங்லயும் முதல் 30 செகண்ட்தான் கேக்கும், மிச்சத்துக்கு வருஷ சந்தா. டவுன்லோட் பட்டன் சாம்பல் கலர்ல கெடக்கு, தொட்டா நேரா பணம் கட்ற பக்கத்துக்கு போகுது. சரி தொலையுதுன்னு கட்டினேன். கட்டினதுக்கு அப்புறம்தான் தெரியுது ஒரு நாளைக்கு மூணு ஃபைல்தான் எறங்கும், எறங்கறதும் ஏதோ கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி குவாலிட்டி, தேதி கிடையாது, நான் வச்ச தலைப்பு கிடையாது.

அதுகூட பரவால்ல. புது விதிமுறைல நடுவுல ஒரு வரி, நாம ஏத்தின ஆடியோவ அவங்களும் அவங்க "பார்ட்னர்களும்" தங்களோட தயாரிப்ப மேம்படுத்த யூஸ் பண்ணிக்கலாமாம். வேணாம்னு சொல்ற பட்டன் ஆறு ஸ்க்ரீன் தள்ளி உள்ள இருக்கு, நம்ம சம்மதம் மட்டும் முன்னாடியே ஆன்ல இருக்கு. பாட்டி என்கிட்ட பேசலாமான்னு கேட்டாங்க, இவங்க யார்கிட்டயும் கேக்கல. சப்போர்ட்ல முதல்ல தானா பதில் சொல்ற பாட் (bot) பேசுச்சு, அப்புறம் ஒரு ஆளு வந்து "உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்"னு எழுதினாரு, ரீஃபண்ட் கிடையாதுன்னும் எழுதினாரு.

காசு கேட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. முதல் நாளே கேட்டிருந்தா சந்தோஷமா குடுத்திருப்பேன். வாட்ஸ்ஆப் ஒரு காலத்துல வருஷத்துக்கு ஒரு டாலர் வாங்கிட்டு இருந்துச்சு, விளம்பரம் போட மாட்டோம்னு 2012ல அதோட ஃபவுண்டருங்களே எழுதினாங்க. 2014ல ஃபேஸ்புக் வாங்குச்சு, 2016 ஜனவரில அந்த ஒரு டாலரும் வேணாம்னாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல நம்ம தகவல ஃபேஸ்புக்கோட பகிர ஆரம்பிச்சாங்க, 2025ல விளம்பரமும் வந்தாச்சு. அந்த ஒரு டாலரே நல்லா இருந்துச்சுன்னு இப்ப தோணுது. கவுச்சர்ஃபிங் (Couchsurfing) இன்னும் மோசம், ஊர் சுத்த வர்றவங்கள உறுப்பினருங்க தங்க வீட்டுல ஓசில தங்க வைக்கிற சைட்டு அது, லாப நோக்கமில்லாம உறுப்பினருங்களே தூக்கி வளத்த சைட்டு, 2011ல கம்பெனியா மாறி முதலீடு வாங்குச்சு, 2020 மே மாசம் காசு கட்டினாதான் உள்ளயே விடுவோம்னு கதவ சாத்துச்சு. முதலீடு போட்டவன் அத பல மடங்கா திருப்பி எடுக்கத்தான் போடுறான், அதனால முதல்ல ஓசில கூட்டம் சேக்கணும், கூட்டம் வெளிய போக முடியாத அளவுக்கு பொருள உள்ள வச்சதுக்கு அப்புறம் கறக்கணும். ஃபவுண்டருங்க மனசு சுத்தமாவே இருந்திருக்கலாம், ஆனா அந்த தாத்தா கதை ஒப்பந்தம் இல்ல, விதிமுறைதான் ஒப்பந்தம்.

இந்த மாதிரி எதுல சேந்தாலும் முதல் வாரமே ஒரு ஃபைல ஏத்தி திரும்ப எறக்கி பாருங்க, ஒழுங்கா வரலன்னா அன்னைக்கே வெளிய வந்துடுங்க. கம்பெனிய வேற யாராவது வாங்கினா நம்ம டேட்டாவும் கூடப் போகும்னு ஒரு வரி இருக்கும், அதயும் தேடிப் படிங்க.

நான் இன்னொரு ஃபோன பக்கத்துல வச்சு, ஆப்ல பாட்டி பேச பேச மறுபடி ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கேன். 26 முடிஞ்சுது. அதுல நாலுல என் ஃபேன் சத்தமும் சேந்து விழுந்திருக்கு, அத திரும்ப பண்ணணும்.