டர்போ எஞ்சின்ல 2618 ஃபோர்ஜ்ட் பிஸ்டன்: பல வருஷம் ஓட்டின அனுபவம்
டர்போ பில்டுக்கு பிஸ்டன் வாங்கப்போறவங்க எல்லாரும் முதல்ல எந்த பிராண்டுன்னுதான் கேக்கறாங்க, என்னைக் கேட்டா அது கடைசியா பாக்கவேண்டிய விஷயம். ஜேஇ, வைஸ்கோ, சிபி, மாலே எல்லாமே நல்ல ஃபோர்ஜ்ட் (வார்க்காம அழுத்தி உருவாக்கின) பிஸ்டன் பண்றவங்கதான், ஜேஇயும் வைஸ்கோவும் இப்ப ஒரே குடும்பத்துக் கம்பெனிங்ககூட. எஞ்சின் நிக்குமா நிக்காதான்னு தீர்மானிக்கறது பிஸ்டன் எந்த அலாய் (கலப்பு உலோகம்), போர்ல (பிஸ்டன் ஓடற சிலிண்டர் துளை) எவ்ளோ க்ளியரன்ஸ் (இடைவெளி) விட்டோம், ரிங் கேப் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையத்தோட ரெண்டு முனைக்கு நடுவுல விடற இடைவெளி) எவ்ளோ, பிஸ்டனை கனெக்டிங் ராடோட இணைக்கற பின் (pin) எவ்ளோ தடிமன் இதெல்லாம்தான். என்னோடது டொயோட்டாவோட ஆறு சிலிண்டர் எஞ்சின் 2ஜேஸி ஜிடிஇ, 86 மிமீ போர், 86 மிமீ ஸ்ட்ரோக், ஒரே பெரிய டர்போ, வீல்ல 700 குதிரைக்கு மேல டியூன் பண்ணினது, அதே கார்தான் தினசரி ஓட்டத்துக்கும் டிராக்குக்கும். 2618 அலாய் பிஸ்டன் போட்டு பல வருஷமா ஓடுது, நடுவுல முழுசா பிரிச்சும் பாத்தாச்சு.

முதல்ல அலாய் கதை. ஃபோர்ஜ்ட்ல பொதுவா ரெண்டு ரக அலுமினிய அலாய், 4032, 2618. 4032ல சிலிக்கான் 12 சதவீதம் கிட்ட இருக்கும், அதனால சூட்டுல கம்மியா விரியும், போர்ல கொஞ்சம் டைட்டாவே செட் பண்ணலாம், கோல்ட் ஸ்டார்ட்ல சத்தம் இருக்காது, ரிங் பள்ளமும் லேசுல தேயாது. 2618ல சிலிக்கான் பேருக்குத்தான் இருக்கு, கால் சதவீதம்கூட வராது, 4032ஐ விட சுமார் 15 சதவீதம் கூடுதலா விரியும், அதனால க்ளியரன்ஸ் அதிகம் விட்டே ஆகணும். இதை மட்டும் படிச்சா 4032தானே நல்லதுன்னு தோணும், மிதமான பூஸ்ட்ல (டர்போ தள்ளற காத்தழுத்தம்) ரோட்டுல ஓடற காருக்கு நிஜமாவே அது நல்ல சாய்ஸ்தான், நான் மறுக்கல. ஆனா பெரிய பூஸ்ட்ல நாக் (கலவை கட்டுப்பாடில்லாம வெடிக்கறது) வந்துச்சுன்னா சிலிக்கான் நிறைய இருக்கற உலோகம் வளையத் தெரியாம விரிசல் விட்டு ரிங் லேண்ட் (ரிங் பள்ளத்தை ஒட்டின வரப்பு) அப்படியே உடைஞ்சு விழும், 2618 அந்த அடியை வாங்கிக்கிட்டு அமுங்கும், நெளியும், ஆனா துண்டாகி சிலிண்டரைக் கிழிக்கற வாய்ப்பு ரொம்பக் கம்மி.

இது எனக்கு கண்ணால பாத்த விஷயம். டிராக்ல ஒரு தடவை ஃப்யூயல் பம்ப் பலம் குறைஞ்சுபோய் மேல் ஆர்பிஎம்ல காத்து-ஃப்யூயல் கலவை லீன் (ஃப்யூயல் கம்மி) ஆயிருச்சு, ஃபுல் பூஸ்ட்ல நாக், எஞ்சின் டேட்டா லாக்ல தெளிவா பதிவாகி இருந்துச்சு, உடனே நிறுத்தியாச்சு. அப்புறம் பிரிச்சப்ப ரெண்டு பிஸ்டன் தலை ஓரத்துல மிளகு தூவின மாதிரி பொடிப்பொடி குழி, ஒண்ணுல மேல் ரிங் லேண்ட் லேசா அமுங்கி ரிங் பள்ளத்துல கொஞ்சம் இறுக்கமா உக்காந்திருந்துச்சு. அந்த ஒண்ணை மட்டும் அதே எடைக்கு மேட்ச் பண்ணி மாத்தினோம், மத்த அஞ்சும் இன்னும் ஓடுது. போர்ல ஒரு கீறல் இல்ல. அன்னைக்கு உள்ள இருந்தது 2618ங்கறதாலதான் பிளாக் தப்பிச்சுதுன்னு நான் முழுசா நம்பறேன்.

அடுத்து எடை. பிஸ்டன் எவ்ளோ லேசா இருக்கோ அவ்ளோ நல்லதுன்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு, அது டர்போ இல்லாம 9000, 10000 ஆர்பிஎம் சுத்தற எஞ்சினுக்கு சரி. இங்க கணக்கு வேற. இந்த ஸ்ட்ரோக்ல 7000 ஆர்பிஎம்ல பிஸ்டன் மேல் முனைல திரும்பறப்ப புவியீர்ப்பைப் போல 3000 மடங்கு வேகமாற்றம் வரும், 400 கிராம் பிஸ்டன்னா 1.2 டன் இழுவை. ஆனா சிலிண்டர்ல 100 பார் அழுத்தம் வந்தாலே 86 மிமீ பிஸ்டன் தலைமேல கிட்டத்தட்ட 6 டன் இறங்குது, பெரிய பூஸ்ட்ல அதுக்கு மேலயும் போகும். அப்ப பயப்படவேண்டியது எதுக்குன்னு நீங்களே பாத்துக்கங்க. அதனால தலை தடிமனா, ரிங் லேண்ட் உயரமா, பின் கனமா இருக்கற டிசைன்தான் எடுத்தேன், சில கிராம் கூடினா கூடட்டும். பின் விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடறாங்க, செட்டோட வர்ற சாதாரண பின் 500 குதிரை வரைக்கும் பேசாம இருக்கும், அதுக்கு மேல அழுத்தத்துல பின் வளைஞ்சா பின் பாஸ்ல (பிஸ்டன்ல பின் உக்கார்ற இடம்) விரிசல் ஆரம்பிக்கும், தடி சுவர் பின் ஆர்டர் பண்ணும்போதே கேட்டு வாங்கிருங்க.

கம்ப்ரெஷன் ரேஷியோ (சிலிண்டர்ல கலவை எத்தனை மடங்கு அமுங்குதுங்கற கணக்கு) பத்தி சுருக்கமா. ஸ்டாக் (கம்பெனில வந்தபடி) 8.5, நான் போனது 9.0, சிலிண்டருக்கு சுமார் 4 சிசிதான் வித்தியாசம், ஆனா டர்போ ஸ்பூல் ஆகறதுக்கு (சுத்தி வேகம் பிடிக்கறதுக்கு) முன்னாடி கார் செத்தமாதிரி கிடக்காது. எத்தனால் கலந்த இ85 மாதிரி ஃப்யூயல் எப்பவும் கிடைக்கும்னா 9.5, 10கூட போறாங்க, சாதாரண பெட்ரோல்தான்னா நான் 9ஐ தாண்ட மாட்டேன்.

இப்ப க்ளியரன்ஸ், எல்லாரும் பயப்படற இடம். 2618க்கு இந்த போர்ல நான் வெச்சது 0.10 மிமீ, 4032ஆ இருந்தா இதுல பாதியை ஒட்டியே போயிருக்கலாம். கம்பெனி கார்டுல ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதுதான் குறைந்தபட்சம், பெரிய பவர்னா அதுக்கு மேல கொஞ்சம் கூட்டணும். பிஸ்டனை எங்க அளக்கணும்ங்கறதும் கார்டுலயே இருக்கும், ஏன்னா பிஸ்டன் முழு வட்டம் கிடையாது, பின் போற பக்கம் குறுகலா, ஸ்கர்ட் (பிஸ்டனோட கீழ்ப் பக்கச் சுவர்) பக்கம் அகலமா, மேல இருந்து கீழயும் பீப்பா மாதிரி வளைவு இருக்கும், சொன்ன உயரத்துல மைக்ரோமீட்டர் வெக்காம வேற இடத்துல வெச்சா கிடைக்கற நம்பருக்கு அர்த்தமே இல்ல. ஸ்கர்ட்ல கோட்டிங் இருந்தா அதோட தடிமனையும் சேர்த்துதான் அளவு சொல்றாங்களான்னு கேட்டுக்கணும். அப்புறம் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா இறுக்கற தடித் தகடு) போட்டுத்தான் ஹோனிங் (போரைத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர்றது), ஹெட் போல்ட் இறுக்கினா போர் கோணும், பிளேட் இல்லாம வெறும் பிளாக்ல ரவுண்டா ஹோன் பண்ணி என்ன பிரயோஜனம்.

இவ்ளோ க்ளியரன்ஸ்னா காலைல சத்தம் வரும். வரத்தான் செய்யும். குளிர்ல டக்டக்னு டீசல் வண்டி மாதிரி அடிக்கும், சூடானதும் காணாமப் போயிரும். முதல் மாசம் காதுக்கு உறுத்தும், அப்புறம் பழகிரும். ஒரே ஒரு ஒழுக்கம் வேணும், வாட்டர் டெம்பரேச்சர் வந்துருச்சேன்னு மிதிக்கக்கூடாது, ஆயில் 80 டிகிரி வரட்டும், ஆயில் சூடாக தண்ணியைவிட நேரமாகும். இதை இத்தனை வருஷமா விடாம கடைப்பிடிக்கறேன், பிரிச்சப்ப ஸ்கர்ட் கோட்டிங் த்ரஸ்ட் பக்கம் (போர் சுவர்ல அழுந்தற பக்கம்) மட்டும் லேசா மினுமினுத்துச்சு, உலோகம் வரைக்கும் போகல.

ரிங் கேப்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப்படறது. ரிங்கோட சுற்றளவு 270 மிமீ, 100 டிகிரி கூடினா சுமார் 0.3 மிமீ நீளும், போர் அந்தளவு சூடாகறதில்ல, கேப் பத்தலன்னா ரெண்டு முனையும் முட்டிக்கும், முட்டினா ரிங் போரை உரசும், பிஸ்டன் லேண்டைப் பிடுங்கிட்டு வரும். பிஸ்டன் உடைஞ்சுருச்சுன்னு அலாயைத் திட்டற நிறைய கேஸ்ல நிஜக் காரணம் இதுதான். பெரிய டர்போக்கு போர் மில்லிமீட்டரை 0.0055ல இருந்து 0.006 வரைக்கும் பெருக்கிக்கங்க, 86க்கு 0.47ல இருந்து 0.52 மிமீ வரும், நான் 0.50 விட்டேன். ரெண்டாவது ரிங் கேப்பை மேல் ரிங்கைவிட கொஞ்சம் கூட்டி வெக்கணும், இல்லன்னா நடுவுல கேஸ் மாட்டி மேல் ரிங்கைத் தூக்கும். கேப் பெருசா விட்டா ப்ளோபை (ரிங்கைத் தாண்டி கேஸ் கீழ கசியறது) வந்துருமேன்னு கவலைப்படறாங்க, எனக்கு லீக்டவுன் டெஸ்ட்ல (சிலிண்டர் எவ்ளோ கசியுதுன்னு பாக்கற சோதனை) ஒண்ணும் மோசமா இல்ல, ஆயில் ஸ்டாக்கைவிட கொஞ்சம் குடிக்கும், அவ்ளோதான், கேட்ச் கேன் (அந்த கேஸோட வர்ற ஆயிலைப் பிடிக்கற டப்பா) ஒண்ணு போட்டுக்கங்க.

மேல் ரிங் பள்ளத்துல அனோடைசிங் (கெட்டியான ஆக்சைடு பூச்சு) கேட்டு வாங்கினது நல்ல முடிவு, 2618 மிருதுவான உலோகம், ரிங் சூட்டுல பள்ளத்தோட ஒட்டி ஒட்டிப் பிய்யும், அனோடைஸ் பண்ணினதால பிரிச்சப்ப அந்த அடையாளமே இல்ல. தலைல செராமிக் கோட்டிங் எனக்கு பெரிய வித்தியாசம் காட்டல, பட்ஜெட் இடிச்சா முதல்ல விடவேண்டியது அதைத்தான். கீழ ஆயில் ஜெட்டை மட்டும் எடுத்துராதீங்க, பிஸ்டன் அடியைக் குளிர வெக்கறதே அதுதான், ஸ்கர்ட் ஜெட்ல இடிக்காம இருக்கான்னு கையால கிராங்கை சுத்திப் பாத்துட்டு அப்புறம் மூடுங்க.

இன்னும் கொஞ்ச நாள்ல ரிங்கும் பேரிங்கும் மாத்தப்போறேன், பிஸ்டன் அதேதான் தொடரும், ரிங் பள்ளம் அளவு பாத்து தேய்ஞ்சிருந்தா மட்டும் புது செட், அப்பவும் 2618தான்.