பினாங்கைச் சுற்றப் பஸ்ஸா, கிராப்பா, வாடகை ஸ்கூட்டரா?

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் வந்த பிறகு, "அங்கே போய் எப்படிச் சுற்றுவது, கையைக் கடிக்காமல்?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். என் பதில் ஒன்றுதான்: எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தீவின் கிழக்குக்கும் வடக்குக்கும் பஸ்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. மேற்கே பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாள் போய்விடும், எனக்குப் போனது.

முதலில் பஸ். தூரத்தைப் பொறுத்து 1.40 முதல் 4 ரிங்கிட் வரை டிக்கெட். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு தூரம் போனாலும் நூறு ரூபாய் தாண்டாது, அதுவும் ஏசி பஸ். கண்டக்டர் கிடையாது. ஏறும்போது ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்னால் அவர் தொகையைச் சொல்வார், பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும், மீதி தர மாட்டார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் முதல் நாள் 10 ரிங்கிட் நோட்டைப் போட்டுவிட்டு மீதிக்காக நின்றேன், ஓட்டுநர் கையை விரித்தார், பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டும் சில்லறையும் தனியாக ஒரு பையில் வைத்துக்கொண்டேன். முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் டச் அண்ட் கோ அட்டை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எண்கள் இரண்டு தெரிந்தால் போதும். 101ஆம் எண் பஸ் தலைநகர் ஜார்ஜ் டவுனின் ஜெட்டியில் (படகுத்துறை) கிளம்பி, 68 மாடி கொம்தார் கட்டடம் வழியாக, கடலோரமாகவே பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊருக்குப் போய் தெலுக் பஹாங்கில் முடியும். தேசியப் பூங்காவின் வாசல் அங்கேதான். 204 ஆயர் ஈத்தாம் வழியாகப் பினாங்கு மலை அடிவாரம் போகும், கெக் லோக் சி கோயிலுக்கும் அதேதான். 101இல் கொம்தாரில் ஏறாதீர்கள், நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். ஜெட்டிக்கே போய் ஏறி வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிட்டால் பாதி வழிக்கு மேல் கடல் கூடவே வரும். திரும்பும்போதும் அதே கணக்கு, பத்து ஃபெரிங்கியில் நடுவழியில் கை காட்டுவதைவிட தெலுக் பஹாங்கில் ஏறினால் உட்கார்ந்து வரலாம்.

இதே தூரத்துக்கு, நம் ஊர் ஓலா மாதிரி ஆப்பில் கூப்பிடும் கிராப் கார் எவ்வளவு? ஜார்ஜ் டவுனிலிருந்து பத்து ஃபெரிங்கிக்கு நேரத்தைப் பொறுத்து சுமார் 15 முதல் 25 ரிங்கிட். தனி ஆளுக்கு இது வீண் செலவு. ஏனென்றால் கடலோரத்தில் இருப்பது ஒரே சாலை, மாலை நெரிசலில் பஸ் நிற்கிற இடத்தில்தான் காரும் நிற்கும். காசு கூடக் கொடுத்து அதே சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். நான்கு பேர் என்றால் கதை வேறு, தலைக்கு ஐந்து ஆறு ரிங்கிட்டில் முடிந்துவிடும், காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நான் கிராப்பில்தான் போனேன். மேலே ஏற 500க்கு மேல் படிகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் பஸ்ஸும் குறைவு, கால்களைப் படிகளுக்கு மிச்சம் வைக்க வேண்டாமா!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் மிச்சம் பிடித்ததை எல்லாம் மலை ரயில் ஒரே வாயில் விழுங்கிவிடும். அடிவாரம் வரை 2 ரிங்கிட், அங்கிருந்து உச்சிக்கு, 1923இல் போட்ட பாதையில், வெளிநாட்டுக்காரருக்குப் போக வர 30 ரிங்கிட். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஜீப் சாலையில் ஏறினால் காசு இல்லை, ஆனால் சுமார் 5 கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம், காலை ஏழு மணிக்கே வேர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

சரி, மேற்குப் பக்கம். பாலிக் புலாவ், ஜாதிக்காய்த் தோட்டமும் டுரியான் தோப்பும் வயலுமாக ஊரே வேறு மாதிரி இருக்கும். 101இல் தெலுக் பஹாங், அங்கே 501 பிடித்து பாலிக் புலாவ், பிறகு 401இ-யில் விமான நிலையப் பக்கமாக ஜார்ஜ் டவுன், இப்படித் தீவையே ஒரு சுற்று வரலாம். மூன்று டிக்கெட்டும் சேர்த்து 12 ரிங்கிட்டுக்கு மேல் போக வழியே இல்லை. நான் ஆசை ஆசையாக இதை எதிர்த்திசையில் செய்தேன். பாலிக் புலாவில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டு, ஜாதிக்காய்ச் சாறு ஒன்று குடித்துவிட்டுப் போகலாமே என்று உட்கார்ந்தேன் (லேசான புளிப்பு, கூடவே சூரணம் மாதிரி ஒரு வாசனை, வெயிலுக்கு அருமை), அதற்குள் 501 கண்ணெதிரே போய்விட்டது. அது 101 மாதிரி அடிக்கடி வருகிற பஸ் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து இன்னொரு சாறும் குடித்தேன்.

அந்தப் பக்கத்துக்கு ஸ்கூட்டர்தான் சரி. நாள் வாடகை சுமார் 40, 50 ரிங்கிட், இரண்டு பேர் பகிர்ந்தால் கட்டும். நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான், ஜூன் ஜூலையில் வழியோர டுரியான் கடையில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் இருசக்கர வண்டிக்கும் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஊரிலேயே வாங்கிப் போகாவிட்டால் இதை மறந்துவிடுங்கள், விழுந்தால் காப்பீடு கை கொடுக்காது. தெலுக் பஹாங்குக்கும் பாலிக் புலாவுக்கும் நடுவே மலை வளைவுகள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் ஓரங்கட்டி நிற்பதே மேல்.

ஜார்ஜ் டவுனுக்குள் இந்த மூன்றுமே வேண்டாம். நடந்து போகிற தூரம்தான், கால் வலித்தால் நகரைச் சுற்றும் கேட் (CAT) பஸ் இலவசம். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து இறங்குகிறவர்கள் பாலத்தைத் தேடாமல் 2 ரிங்கிட் கொடுத்து ஃபெரி ஏறினால், கரையில் கால் வைக்கிற இடத்திலேயே 101 நின்றுகொண்டிருக்கும்.