அடைப்புக்குறிக்குள் நிற்பது பகா எண்ணா? காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ்

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஸ்டேஷனரி கடைகளில் இந்தக் கால்குலேட்டரைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இன்ஜினியரிங் பிள்ளைகள். எண்ணியல் படிக்கிற பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளும் வாங்கலாம், எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும் ஃபேக்ட் (FACT) வசதிக்காகவே. எண்ணை அடித்துச் சமக்குறி தட்டி, ஷிஃப்ட், பிறகு டிகிரி-நிமிட-விநாடிக் குறி போட்ட பட்டன். 1014 கொடுத்தால் 2×3×13² என்று வந்துவிடும்.

பெரிய எண்ணில்தான் கவனம் வேண்டும். 4104676 கொடுத்துப் பாருங்கள்: 2²×(1026169) என்று நிற்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதால் பகா எண் என்று நோட்டில் எழுதினால் தப்பு, அது 1013². கருவி 2 முதல் 997 வரையுள்ள 168 பகா எண்களால்தான் வகுத்துப் பார்க்கிறது. அடுத்த பகா எண் 1009. மிஞ்சுவது 1009²-க்கு, அதாவது 1018081-க்குக் குறைவென்றால் அது பகா எண்ணேதான். அதற்கு மேல் போனால் கருவியால் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த அடைப்புக்குறி.

மீதி வேலையை நாம் செய்யலாம், அதில்தான் ருசியே இருக்கிறது. 2³²+1 அடித்தால் 641×(6700417) வரும். 641-ஐக் கணித மேதை ஆய்லர் 1732-இல் கண்டுபிடித்தார். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை காரணி எதுவும் இல்லையென்றால் அது பகா எண். 2³²+1-இன் பகாக் காரணிகள், ஆகவே 6700417-இன் காரணிகளும், 128k+1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) இருக்க முடியும். 997 வரை கருவியே பார்த்துவிட்டது. அங்கிருந்து 2588 வரை இந்த வடிவில் உள்ள பகா எண்கள் 1153, 1409 இரண்டே இரண்டு. வகுத்தால் மீதி 334, 622. ஆக, 6700417 பகா எண். இரண்டு வகுத்தலில் நிரூபணம் முடிந்தது!

2³¹−1 இவ்வளவு சுலபமில்லை. திரையில் (2147483647) என்று முழுசாக அடைப்புக்குறிக்குள் வரும். இது பகா எண் என்று ஆய்லர் 1772-இல் காட்டினார். வர்க்கமூலம் 46340 சொச்சம். காரணி இருந்தால் 248k+1 அல்லது 248k+63 வடிவில் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் அப்படி 373 எண்கள். அவற்றில் 997-க்கு மேற்பட்ட பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். ஒரு மாலை உட்கார்ந்தால் முடியும்.

வகுக்கும்போது ஒரு பொறி: திரையில் பத்து இலக்கம்தான் தெரியும். ஈவு ஏழு இலக்கமாக இருந்தால் தசமத்துக்கு மூன்று இடமே மிஞ்சும், 0.0004 போன்ற பின்னம் மறைந்து, மீதியில்லாமல் வகுபட்ட மாதிரித் தோன்றும். விடை முழு எண்ணாகத் தெரிந்தால், அந்த எண்ணை அடித்து வகுத்த எண்ணால் பெருக்கிச் சரிபாருங்கள். முந்தைய விடையை அப்படியே எடுத்துத் தரும் ஆன்ஸ் (Ans) பட்டனால் பெருக்காதீர்கள், மறைந்த பின்னமும் கூடவே வந்துவிடும்.

2⁶¹−1-க்கு 19 இலக்கம். ஃபேக்ட் அங்கே எடுபடாது, அதற்குக் கம்ப்யூட்டர்தான். சோலாரோடு எல்ஆர்44 பட்டன் பேட்டரியும் இருப்பதால், நம்மூர் ஆனி மழை இருட்டிலும் திரை மங்காது.