பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 2,35,000 ரூபாயை இப்படித்தான் இழந்தோம்

நேற்று மதியம் வரை கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. மீன்துறை அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்த ஊழியர் எங்கள் படகின் பதிவுப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது அதுவும் போய்விட்டது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து, மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். 2,35,000 ரூபாய். அம்மாவின் வளையல் அடகுக்கடையில் இருக்கிறது, என் மூன்று வருடச் சேமிப்பும் அதில்தான் போனது. படகு வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு நாகப்பட்டினம் பக்கம். அப்பாவிடம் இருந்தது சுனாமிக்குப் பிறகு 2005-இல் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஃபைபர் படகு. இருபது வருடம் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டினார். போன மழைக்காலத்தில் அடிப்பக்கம் பிளந்தது, இனி ஒட்டு நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். புதுப் படகு, எஞ்சின், வலை என்று விசாரித்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதனால்தான் பழைய படகு தேடினோம். பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் நான்தான் தேடினேன்.

தேட ஆரம்பித்தபோது எனக்கே ஆச்சரியம். அவ்வளவு படகுகள் விற்பனைக்குக் கிடந்தன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டீசல் லிட்டர் 90 ரூபாய்க்குக் கீழே இறங்கி வருடங்கள் ஆகின்றன. ஒரு சின்னப் படகு ஒரு நாள் போய்வர இருபது லிட்டர் குடித்தால் அதற்கே ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போய்விடும். அப்புறம் ஐஸ், சாப்பாடு, கூட வருகிறவர்களுக்குப் பங்கு. மீன் படாத நாளில் வீட்டுக்கு எதுவும் வராது. நாலு நாள் சேர்ந்தாற்போல் அப்படிப் போனால் படகை விற்றுவிட்டு இன்னொருவர் படகில் கூலிக்குப் போகலாம் என்றுதான் தோன்றும். எங்கள் ஊரிலேயே ஆறு மாதத்தில் மூன்று பேர் விற்றிருக்கிறார்கள். எனவே விலை குறைவாக இருந்ததில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

வந்திருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது மார்ச் மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் எங்களுடையது போன்ற சின்ன ஃபைபர் படகுகளும் சேர்ந்த நாட்டுப்படகுகள் மட்டும்தான் கடலுக்குப் போகும், மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அதனால் டீசல் என்ன விலை விற்றாலும் மார்ச்சில் நல்ல ஃபைபர் படகை யாரும் அவசரமாகத் தள்ளிவிட மாட்டார்கள். அப்பாவுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அந்த இரண்டு மாத வருமானத்தைக் கணக்குப் போட்டுத்தான் நாங்களும் அவசரப்பட்டோம்.

விளம்பரத்தில், "டீசல் விலை காரணமாக அவசர விற்பனை, பத்து எச்.பி. எஞ்சினுடன், ஆர்.சி. கையில்" என்று இருந்தது. ஆர்.சி. என்றால் படகின் பதிவுச் சான்று. பிடித்து வைக்க வேண்டும் என்று சொல்லி முதலில் 10,000 ரூபாய் ஃபோனிலேயே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மறுநாள் நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போனோம். வேறு மாவட்டம், ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிப் பழைய படகுகளை வாங்கி விற்கும் யார்டு. ஏழெட்டுப் படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

அங்கே எங்களிடம் விலை பேசிய ஆள் சொன்னதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அப்பாவை "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "நானும் கடலுக்குப் போனவன்தாண்ணே. இந்த டீசல் விலையில என்ன மிஞ்சுது? வித்தவன் கண்ணுல தண்ணியோட வித்துட்டு கேரளா போயிட்டான்" என்றார். அப்பா ஊரில் தினமும் சொல்லிப் புலம்புவதை அவர் வாயிலிருந்து கேட்டதும் அப்பாவின் முகமே மாறிவிட்டது. பிறகு படகின் முன்பக்கம், அணியத்தில் கையை வைத்து, "என் புள்ள மேல சத்தியம், இந்தப் படகு உங்களைக் கைவிடாது" என்றார். அந்த நிமிடத்தில்தான் அப்பா நம்பினார். அப்பா நம்பியதால் நானும் நம்பினேன்.

கைப்பிடியைப் போட்டு ஒரே சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலில் கிடக்கிறதே என்று நினைத்தேன். நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. பெயிண்ட் புதிது, விரலில் ஒட்டாத குறைதான். மானிய டீசல் வாங்குவதற்கான டீசல் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "அது ஆபீஸ்ல இருக்கு தங்கச்சி, பேர் மாத்தும்போது சேர்த்து வாங்கிக்கலாம்" என்றார். மீதி 2,25,000 ரூபாயையும் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். எண்ணிக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு வெள்ளைத்தாளில் எழுதி, யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்து.

முதல் நாள் கடலில் இருபது லிட்டருக்குப் பதில் முப்பத்திரண்டு லிட்டர் குடித்தது. கரும்புகை. மூன்றாம் நாள் அடியில் தண்ணீர் கசிந்தது. ஊரில் ஃபைபர் வேலை செய்கிற அண்ணன் வந்து அடிப்பக்கத்தை ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், அப்புறம் டப். அந்த இடத்தைச் சுரண்டினால் பெயிண்டுக்கு அடியில் வெறும் பட்டி. நாலு விரல் அகலத்துக்கு விரிசல், பட்டியைப் பூசி மறைத்திருக்கிறார்கள். இதில் ஏறித்தான் அப்பா மூன்று நாள் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்.

ஃபோன் செய்தேன். முதலில், "ஓட ஓடத்தான் செட்டாகும்" என்றார். இரண்டாவது தடவை, "கடலுக்குள்ள எறக்கின பொருளுக்கு நாங்க பொறுப்பில்ல தங்கச்சி, கரையில நல்லாத்தானே ஓடுச்சு?" மூன்றாவது தடவை, "நான் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க." ஓனர் நம்பர் கேட்டால் அவர் கேரளாவில் நம்பர் மாற்றிவிட்டாராம். அதன் பிறகு ஒரு பையன் எடுத்து, அண்ணன் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று மூன்று நாளும் அதையே சொன்னான். இப்போது என் நம்பரையே தடுத்துவிட்டார்கள்.

செயலியில் புகார் கொடுத்தேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றது, ஆறு நாள் கழித்து வந்தது: வாங்குகிறவரையும் விற்கிறவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. எந்தப் புகாரை, யார், எப்படி முடித்தார்கள்? என் 2,35,000 ரூபாய் வந்துவிட்டதா?

இவ்வளவுக்குப் பிறகும் படகைச் செப்பனிட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் அப்பா சொன்னார். பெயர் மாற்றிவிட்டால் மானிய டீசலாவது கிடைக்குமே என்பது அவர் கணக்கு. பதிவு பெற்ற மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு வருடத்துக்கு வரி இல்லாத டீசல் 4,400 லிட்டர். 2023-இல்தான் 4,000 லிட்டரிலிருந்து உயர்த்தினார்கள். லிட்டருக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் வருடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல். இன்றைய நிலையில் பழைய படகின் விலையில் பாதி அந்தப் பதிவுக்குத்தான். பதிவு இல்லாத படகு பங்க் விலைக்கு டீசல் அடித்து ஓட வேண்டும், அது கட்டுப்படியே ஆகாது.

நேற்று அலுவலகத்தில் தெரிந்தது இதுதான். எங்களிடம் கொடுத்த ஆர்.சி.யில் உள்ள எண் உண்மையான எண். ஆனால் அது வேறொருவர் படகின் எண். அந்தப் படகு இன்னும் அவர் பெயரில் கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் எஞ்சினில் உள்ள எண்ணை ராவிவிட்டு மறுபடி பொறித்திருக்கிறார்கள், உற்றுப் பார்த்தால் எழுத்துகள் கோணலாகத் தெரிகின்றன. மானிய டீசல் கிடையாது. பெயர் மாற்ற முடியாது. இன்ஷூரன்ஸ் கிடையாது. கடலில் சோதனை போட்டால் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். ஆனால் ஃபோனில் போன 10,000 ரூபாய்க்கு மட்டும்தான் என்னிடம் ஆதாரம். மீதி 2,25,000-க்கு அந்த வெள்ளைத்தாள்தான். நாளை காவல் நிலையத்துக்குப் போகிறோம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலை வாங்கி, மீன்துறை அலுவலகத்தில் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சரிபாருங்கள். டீசல் புத்தகம் கண்ணால் பார்க்காமல் விலை பேசாதீர்கள். ஆறிய எஞ்சினை உங்கள் எதிரில் ஓட்டச் சொல்லுங்கள். ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஊரில் எல்லா நாட்டுப்படகும் கடலில் இருக்கிறது, எங்கள் படகு மட்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. இன்று காலை அந்தச் செயலியில் பார்த்தேன். அதே யார்டு, பின்னால் அதே தென்னை மரம், வேறு படகு. "டீசல் விலை காரணமாக அவசர விற்பனை", 2,20,000 ரூபாய். யாராவது அதற்கு அட்வான்ஸ் அனுப்பியிருந்தால், தயவுசெய்து மீதிப் பணத்தோடு அங்கே போகாதீர்கள்.