கூலிங் பேடா, ஃப்ரேம் வரம்பா, புது பேஸ்டா?

கேம் ஆடும்போது லேப்டாப் அனலாய்க் கொதித்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேடுதான். என் வரிசையில் அதற்குக் கடைசி இடம். பேட், உண்டாகிவிட்ட சூட்டை விரட்டப் பார்க்கிறது. நொடிக்கு எத்தனை படம் வரையலாம் என்று கட்டிப்போடும் ஃப்ரேம் வரம்போ அந்தச் சூட்டையே உண்டாகவிடாமல் செய்கிறது.

நொடிக்கு 60 முறை மட்டுமே படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் கேம் நொடிக்கு 140 ஃப்ரேம் ஓடுகிறது என்று வையுங்கள். பாதிக்கு மேல் கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. ஆனால் அத்தனையையும் வரைய கிராபிக்ஸ் சிப் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கிறது. கேமின் அமைப்பிலோ டிரைவரிலோ அதிகபட்ச ஃப்ரேமை 60 என்று வைத்தால் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்), சிபியு (முதன்மை பிராசஸர்) இரண்டுக்குமே வேலை குறையும். காசும் இல்லை, ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். போட்டி ஷூட்டர் ஆடுகிறவர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள்: ஃப்ரேம் குறைந்தால் மவுஸ் அசைவு திரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். அது நியாயமான புகார்தான்.

அவர்களுக்கு அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது, பொருந்தும். சிப் தின்னும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைத் தொடாமல் அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தாலே, இயக்கத்துக்குச் செலவாகும் திறன் ஏறக்குறைய 19 சதவீதம் இறங்கிவிடும். ஜிபியுவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் போதும். அளவு மீறினால் கேம் நடுவில் விழும். ஒரு படி பின்வாங்கினால் சரியாகிவிடும். சிபியு பக்கம்தான் சிக்கல்: 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல இன்டெல் லேப்டாப்களில் இந்தக் கதவை பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பூட்டிவிட்டார்கள். பூட்டியிருந்தால் விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வையுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ என்ற கூடுதல் வேகம் அணைந்து, சூடு சட்டென்று இறங்கும். சிபியுவை நம்பி ஓடும் கேம்களில் ஃப்ரேமும் கூடவே இறங்கும்.

இனி பேட். அடிப்பக்கம் காற்று இழுக்கும் துளை இருந்தால் பலன் உண்டு. இல்லாவிட்டால் குளிர்வது பிளாஸ்டிக் மட்டும்தான். சாதாரண பேடின் நன்மையில் பெரும்பங்கு, லேப்டாப்பைத் தூக்கி நிறுத்துவதால் வருவது. பின் ஓரத்துக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடி வைத்தாலும் அதே வேலை நடக்கும். ஓரத்தில் ஃபோம் வைத்து அடைத்து, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ரகம் வேறு ஜாதி. அது நிஜமாகவே குளிர்விக்கும். ஆனால் ஹெட்போன் இல்லாமல் பக்கத்தில் உட்கார முடியாத இரைச்சல்.

பேடைச் சோதிக்கும்போது டிகிரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கொஞ்சம் குளிர்ந்தவுடன் சிப் அந்த இடைவெளியில் இன்னும் வேகமாக ஓடி, பழைய சூட்டுக்கே திரும்பிவிடும். பல இன்டெல் லேப்டாப் சிப்புகளின் எல்லை 100 டிகிரி. 90ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அரை மணி நேரம் ஆடிய பிறகும் சிப் ஓடும் கிளாக் வேகம் நிற்கிறதா, சரிகிறதா என்று பாருங்கள்.

பழைய லேப்டாப் என்றால் இந்த வரிசையே மாறும். முன்பு அமைதியாக இருந்தது இப்போது பிரவுசர் திறந்தாலே இரைகிறதா? ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். தூசியை ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்டும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்துக்கு ஒதுங்கிப்போயிருக்கும். மாற்றுவதானால் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் ஷீட் நல்லது. பேஸ்ட் அளவுக்கு ஒதுங்காது. லிக்விட் மெட்டல் இன்னும் நன்றாகவே சூட்டைக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும். ஒரு துளி சிதறினால் போர்டு போச்சு. நான் தொட மாட்டேன்.