யூரியா லேம்ப் எரிந்தால்: ஸ்கேனரா, கம்பெனி லேப்டாப்பா, கைச்சோதனையா?

பர்கூர், சூளகிரி பக்கத்துக் கிரஷர்களில் ஓடும் பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டிப்பரில் யூரியா லேம்ப் (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா அமைப்பில் பழுது என்று டேஷ்போர்டில் எரியும் விளக்கு) எரிந்து இழுவை குறைந்தால், ஓனருக்கு ஒரே நேரத்தில் மூன்று யோசனை வரும். "ஸ்கேனரை மாட்டி ஃபால்ட் கோடை (பழுது எண்ணை) அழிச்சிடலாம்ணே" என்பார் எலெக்ட்ரீஷியன். "கம்பெனிக்குப் போன் போட்டு லேப்டாப் கொண்டுவரச் சொல்லுங்க சார்" என்பார் சூப்பர்வைசர். பழைய மெக்கானிக் யாரிடமும் பேசாமல் யூரியா டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். மூன்றுக்கும் இடமுண்டு. எந்தப் பழுதுக்கு எது என்று பிரிக்காமல் இறங்கினால், நல்ல நாக்ஸ் (புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்ட பிறகும் லேம்ப் அணையாது. என் கருத்து: கைச்சோதனையில் தொடங்க வேண்டும். லேப்டாப்பை ஒரு குறிப்பிட்ட வகைக் கோடுக்குக் கூப்பிட வேண்டும். மலிவு ஸ்கேனர் படிக்க மட்டும்தான்.

லாரிகளுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி. சக்கரம் வைத்த கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் அடுத்த கட்ட விதி வந்தது. பெரிய எஞ்சின் உள்ளவற்றில் லாரியில் இருக்கும் இதே யூரியா அமைப்பைப் பார்க்கலாம். டேங்கிலிருந்து பம்ப் டி.இ.எஃப் திரவத்தை (சுத்த நீரில் கரைத்த யூரியா) உறிஞ்சி, அழுத்தத்தோடு டோசிங் இன்ஜெக்டருக்கு அனுப்பும். இன்ஜெக்டர் அதைச் சூடான புகைக்குழாயில் தூவும். யூரியா அம்மோனியாவாகப் பிரிந்து, எஸ்.சி.ஆர் கேட்டலிஸ்டுக்குள் (புகைப் பாதையில் இருக்கும் வினையூக்கி) நாக்ஸை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. ஆகவே பழுது இருக்கக்கூடிய இடம் நான்கு: திரவம், அதைத் தள்ளும் பாதை, வயரிங், கடைசியில் கேட்டலிஸ்டும் சென்சாரும். முதல் மூன்றும் கைக்கு எட்டுபவை.

மலிவு ஸ்கேனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடு எண்ணைக் காட்டும். அந்த அளவில் அது நல்ல கருவி. எஸ்.பி.என் (பழுது எதில் என்று சொல்லும் எண்) 4334 என்றால் டி.இ.எஃப் அழுத்தம், 3364 என்றால் திரவத்தின் தரம், 4364 என்றால் எஸ்.சி.ஆர் மாற்றும் திறன். கூடவே வரும் எஃப்.எம்.ஐ (பழுதின் வகை) எண் 3, 4, 5 என்றிருந்தால் முதலில் வயரைப் பாருங்கள். ஆனால் கோடை அழிப்பது வைத்தியம் ஆகாது. பழுது தோன்றிய நேரத்து விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும். பின்னால் வருபவருக்குத் துப்பே இருக்காது. குறைத்து வைத்த இழுவையும் பெரும்பாலும் திரும்ப வராது, ஏனென்றால் அமைப்பு சரியாக வேலை செய்வதை எஞ்சின் கம்ப்யூட்டர் தானே பார்த்து உறுதி செய்த பிறகுதான் விடும்.

கைச்சோதனையில் முதல் கருவி ரிஃப்ராக்டோமீட்டர் (திரவத்தில் யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டுவது). விலை சில ஆயிரம் ரூபாய்க்குள்தான். டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு பூஜ்ஜியம் வைத்துவிட்டு, டேங்கிலிருந்து எடுத்த சொட்டைப் பாருங்கள். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ 22241 தரப்படி 31.8 முதல் 33.2 வரை சரி. குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கூடினால் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. கேனை வேகமாக ஊற்றிய உடனே தரக் கோடு வந்தால் கொஞ்சம் பொறுங்கள். நுரைக்குமிழி சில டேங்க் சென்சார்களை ஏமாற்றிவிடும்.

ஆனால் ரிஃப்ராக்டோமீட்டருக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே கூடாது. அது அடர்த்தியை மட்டும் பார்க்கும், சுத்தத்தைப் பார்க்காது. விவசாய யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து மலிவாக விற்கும் திரவமும் 32.5 என்றே காட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த நீரின் உப்பெல்லாம் இன்ஜெக்டர் நுனியிலும் கேட்டலிஸ்டிலும் போய்ப் படியும். விவசாய யூரியாவோ 2015க்குப் பிறகு முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. மானிய யூரியாவை இப்படித் திருப்புவது சட்டப்படி குற்றமும்கூட. அதனால் மீட்டர் சரி என்று சொன்னாலும், கேன் சீல், தயாரிப்புத் தேதி, ஐ.எஸ்.ஓ எண் மூன்றையும் பாருங்கள். தேதியை ஏன் சொல்கிறேன் என்றால், 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் திரவம் 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். தகர ஷெட்டில் கோடை முழுக்கக் கிடந்த கேன் எனக்குச் சந்தேகத்துக்குரியதே.

டேங்கைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால், பழைய மெக்கானிக் மோந்து பார்த்ததற்கு அர்த்தம் இருக்கிறது: சூட்டில் திரவம் கெட்டிருக்கலாம். டி.இ.எஃப் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதால், பல வண்டிகளில் எஞ்சின் கூலண்டை டேங்க் வழியாக ஓடவிட்டுச் சூடாக்க ஒரு வால்வு வைத்திருப்பார்கள். நம் ஊரில் அதற்கு வேலையே கிடையாது. ஆனால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டால், வெயில் போதாதென்று திரவத்தை நாள் முழுக்கக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். டேங்கைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். எந்த ஸ்கேனரும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

அடுத்தது பாதை. குழாய் மூட்டுகளில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் கசிவு என்று அர்த்தம். குவாரியில் எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் யூரியா, கரையாவிட்டால் கல் மாவு. (புகைக்குழாய்க்குள் அதிகச் சூட்டில் இறுகிய படிவம் மட்டும் எளிதில் கரையாது.) அழுத்தக் கோடு வந்தால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் ஃபில்டரையும், டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும், உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு பழக்கத்தை இங்கே கண்டித்தே ஆக வேண்டும். சாவியை ஆஃப் செய்ததும் பம்ப் இரண்டொரு நிமிடம் ஓடி, லைனில் மிச்சமிருக்கும் திரவத்தை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். நம் டிரைவர்கள் பலர் எஞ்சினை நிறுத்திய கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் போட்டுவிடுகிறார்கள். லைனில் நின்ற திரவம் இரவில் காய்ந்து கட்டியாகும், காலையில் அழுத்தக் கோடு வரும். பம்ப் ஓடும் சத்தம் அடங்கிய பிறகு கட்-ஆஃப் போட்டால் இந்தச் செலவே இல்லை.

வயரிங்குக்கு மல்டிமீட்டர் போதும் என்பார்கள். நான் ஒரு டெஸ்ட் பல்பையும் சேர்த்துக்கொள்வேன். துருப்பிடித்த எர்த், மீட்டரில் 24 வோல்ட் காட்டிவிட்டு, லோடு வந்ததும் படுத்துவிடும். பல்பு மங்கலாக எரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 4364 கோடு, அதாவது திறன் குறைவு, போகாமல் நின்றால் கைச்சோதனையின் எல்லை முடிந்தது. இங்கேதான் கம்பெனி லேப்டாப் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. பணம் அதிகம்தான். சர்வீஸ் ஆள் ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரும்வரை வண்டி சும்மா நிற்கும். ஆனாலும் இரண்டு வேலைகளை மலிவு ஸ்கேனராலும் கைச்சோதனையாலும் செய்ய முடியாது.

ஒன்று, டோசிங் டெஸ்ட். இன்ஜெக்டரைப் புகைக்குழாயிலிருந்து கழற்றி, லைனோடு அளவு ஜாடிக்குள் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பில் உத்தரவு கொடுக்க வேண்டும். மேனுவல் சொல்லும் அளவு ஜாடியில் சேர்ந்ததா, புகை மாதிரி மெல்லத் தூவியதா, ஒழுகியதா என்பது கண்ணுக்கே தெரியும். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும்.

இன்னொன்று, இரண்டு நாக்ஸ் சென்சாரையும் ஓட்டத்தில் பார்ப்பது. கிரஷர் வாசலில் ஐடிலில் நிறுத்திப் பார்த்துப் பயனில்லை. புகை சூடாகும்வரை சென்சார்கள் சரியான அளவு தராது. லோடோடு கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் பக்கம் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டோசிங்கை நிறுத்தினால் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது, அல்லது நடுவில் புகை கசிகிறது. டோசிங்கைத் திரும்பப் போட்டதும் பின் சென்சார் நன்றாக இறங்க வேண்டும். சென்சார் இரண்டும் சரி, டோசிங் அளவும் சரி, அப்படியும் இறங்கவில்லை என்றால்தான் கேட்டலிஸ்டைச் சந்தேகப்படலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: நாக்ஸ் சென்சார் அம்மோனியாவையும் நாக்ஸாகவே எண்ணும். இன்ஜெக்டர் ஒழுகி யூரியா அதிகமானாலும் பின்னால் எண் ஏறும். எண்ணை மட்டும் பார்ப்பவர் கேட்டலிஸ்ட் போச்சு என்று பெரிய பில் போட்டுவிடுவார். எனவே ஜாடிச் சோதனை முடியாமல் கேட்டலிஸ்ட் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கேனரும் லேப்டாப்பும் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் இன்னொரு கருவி டீசல் நோட்டு. 100 லிட்டர் டீசலுக்குப் பொதுவாக 3 முதல் 6 லிட்டர் டி.இ.எஃப் போகும். உங்கள் வண்டியின் வழக்கமான அளவு திடீரென்று குறைந்தால் இன்ஜெக்டர் அடைக்கிறது. கூடினால் எங்கோ ஒழுகுகிறது. யூரியா போட்ட லிட்டரையும் டீசலுக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நான்காவதாக, பைபாஸ் பாக்ஸ் மாட்டித் தருகிறோம் என்று ஹைவேயில் சிலர் வருவார்கள். அதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. அது பழுதைக் கண்டுபிடிக்காது, எல்லாம் நன்றாக இருப்பதாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய் சிக்னல் கொடுக்கும். சட்டவிரோதம். வாரண்டி போகும். டோசிங் இல்லாமல் கிடக்கும் பம்பும் இன்ஜெக்டரும் இறுகிப்போவதால், பிறகு எஃப்.சி.க்காகவோ விற்பதற்காகவோ பாக்ஸைக் கழற்றும் நாளில் அவை இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.